முதலாவது நுணுக்குக்காட்டி

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் டெல்ஃப்ற் என்பதை நம்மவருட் பலர் அறிவர். 1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அவர்கள், குடாநாட்டைச் சூழ்ந்த தீவுகளுக்குத் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயிற்று. அந்த மூல நகரங்களுள் டெல்ஃப்ற் அறிவுலகிலே தனிச் சிறப்புடையது. நம் முன்னோர் ஒல்லாந்தருக்கு வரி இறுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்நகரத்துப் புடைவை வணிகர் ஒருவர், தம் கையாலே தேய்த்த ஒற்றை வில்லையினூடாக, மனிதர் எவரும் அதுவரை கண்டிராத உயிருலகம் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தார்.

அவர் பெயர் அன்ரனி வான் லீவன்ஹூக். 1632இற் பிறந்து 1723இல் மறைந்தவர். துணியின் இழைகளை ஆராய வணிகர் பூதக்கண்ணாடி பிடிப்பது அக்கால வழக்கம். அவ்வழக்கம் இவரிடத்தே ஆராய்ச்சியாக வளர்ந்தது. 1674இல் ஊருக்கண்மையிலுள்ள ஏரிநீரை எடுத்துப் பார்த்தார்; நீருள்ளே மிக நுண்ணிய பிராணிகள் ஓடித்திரிவதைக் கண்டார். கீழைத்தேயத்து மிளகு ஏன் உறைக்கின்றது என்று அறிய விரும்பி அதனை நீரில் ஊறவைத்தார். அந்நீரிலே அவற்றினும் சிறியனவாகிய உயிர்களைக் கண்டு 1676இல் இலண்டன் றோயல் கழகத்துக்கு எழுதினார். பற்றீரியா என்று நாம் இன்று கூறும் நுண்ணுயிர் முதன்முதல் மனிதக் கண்ணுக்குப் புலப்பட்டது அவ்வாறுதான். அவர் செய்த கருவிகளுள் எஞ்சியிருப்பனவற்றில் மிகுந்த வலுவுடையது பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெருப்பித்துக் காட்டுவது. இந்த 270 என்னும் எண்ணை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி நம் ஊர்க் கடைக்கு வருவோம். பரிசுப் பொருளாக விற்கப்படும் பிளாஸ்ரிக் நுணுக்குக்காட்டிகளின் பெட்டிகளிலே 900 மடங்கு, 1200 மடங்கு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் காணலாம். லீவன்ஹூக் கண்டதினும் நான்கு மடங்கு மிகுதியாக நம் பிள்ளைகள் காண்பார்கள் என்றல்லவா எண்ணத் தோன்றும்! என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் அத்தகைய கருவியொன்றைப் பிறந்தநாட் பரிசாகப் பெற்றான். வெங்காயத் தோலை வைத்துப் பார்த்தான், மூட்டம் தெரிந்தது. பூச்சியின் சிறகை வைத்துப் பார்த்தான், அப்பொழுதும் மூட்டம், தன் கண்ணிமை மயிரும் இடையிடையே தெரிந்தது. ஒரு கிழமைக்குள் அக்கருவி கட்டிலின் கீழே போயிற்று. கருவி பழுது என்று அவன் எண்ணவில்லை. தனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றே எண்ணினான். பணம் போனதைக் காட்டிலும் இந்த எண்ணம் பெரிய நட்டம். ஆகையால், பொழுதுபோக்காகவும் படம் பிடிப்பதற்காகவும் முதன்முதல் ஒரு நுணுக்குக்காட்டி வாங்க விரும்புவோர் எதனை நோக்க வேண்டும் என்பதைத் தெளிவாக எடுத்துரைப்பது பயனுடைத்து. தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போருக்கு விடை கட்டுரையின் இறுதியில் வரும்.

பெட்டியின் மேலுள்ள எண்

பெருப்பித்தல் வேறு, பிரித்துக் காட்டுதல் வேறு. மங்கிப்போன கல்வெட்டொன்றின் மைப்படியை எடுத்துக்கொள்வோம். அதனை நான்கு மடங்கு பெரிதாக்கி அச்சிட்டால், தெளிவற்றிருந்த எழுத்து தெளிவற்ற பெரிய எழுத்தாகுமேயன்றி வாசிக்கத்தக்க எழுத்தாகாது. வில்லையின் செய்தியும் இதுவே. அண்மையிலுள்ள இரு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் ஆற்றலைப் பிரிவலு என்பர். நம் வெறுங்கண் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும். அதனினும் நெருங்கியிருப்பன ஒன்றாகவே தோன்றும்.

வில்லையின் பிரிவலுவுக்கு இயற்கை இட்ட எல்லை ஒன்று உண்டென்பதை ஜேர்மனியிலே ஜேனா நகரத்து அறிஞர் ஏர்ணஸ்ட் அபே 1873இல் நிறுவினார். அவ்வெல்லை ஒளியின் அலைநீளத்தையும், பொருளிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை வில்லை எவ்வளவு அகன்ற கூம்பாக ஏற்கின்றது என்பதையும் பொறுத்தது. இரண்டாவதை எண்துவாரம் என்னும் ஓர் எண்ணாற் குறிப்பர். நல்ல வில்லையின் உடலிலே உருப்பெருக்கமும் எண்துவாரமும் அருகருகே பொறிக்கப்பட்டிருக்கும்: 4 மடங்கு வில்லைக்கு 0.10, 10 மடங்குக்கு 0.25, 40 மடங்குக்கு 0.65 என்பன வழக்கமான அளவுகள். எண்துவாரத்தை ஆயிரத்தாற் பெருக்கி வரும் தொகையே பயன்தரும் பெருக்கத்தின் மேலெல்லை என்பது அனுபவ விதி. 0.65 எண்துவாரமுடைய வில்லை 650 மடங்கு வரையிற் பயன்தரும். அதற்குமேற் செல்வது காலியான பெருக்கம். உருவம் பருக்குமேயன்றிப் புதிதாக எதுவும் புலப்படாது. எண்துவாரம் பொறிக்கப்படாத வில்லை 1200 என்று கூறினால், அஃது எதனை ஆதாரமாகக் கொண்டு கூறுகின்றது என்று வினவுதல் நம் கடமை.

கோப்பித் தோட்டம் சொல்லும் பாடம்

அளவான பெருக்கம் எவ்வளவு பெரிய உண்மையைக் காட்ட வல்லது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1849இல் பேராதனைப் பூங்காவின் பொறுப்பை ஏற்று வந்தவர் ஜோர்ஜ் துவெயிற்ஸ். அவர் இலங்கைக்கு வருமுன்னரே தயற்றங்கள் என்னும் நுண்பாசிகளை நுணுக்குக்காட்டியிலே ஆராய்ந்து பெயர் பெற்றவர். 1869இல் மலைநாட்டுக் கோப்பி இலைகளின் அடிப்புறத்திலே செம்மஞ்சட் பொட்டுகள் தோன்றின. நோயுற்ற இலைகளைத் துவெயிற்ஸ் இங்கிலாந்திலே பேர்க்லி என்னும் பங்கசு அறிஞருக்கு அனுப்பினார். அவரும் புறூம் என்பவரும் அதனைப் புதியதொரு பங்கசு எனக் கண்டு 'ஹெமிலியா வஸ்ராறிக்ஸ்' என்று பெயரிட்டனர். இப்பெயரின் பொருளைப் பாருங்கள். முதற் சொல், பாதி வழுவழுப்பானது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆனது. அப்பங்கசின் வித்தி ஒரு புறம் வழுவழுப்பாகவும் மறுபுறம் முட்கள் செறிந்ததாகவும் இருக்கும். இரண்டாவது சொல்லுக்குப் பாழ்படுத்துவது என்பது பொருள். ஆகவே வில்லையிற் கண்டது முற்சொல்லிலும், தோட்டத்திற் கண்டது பிற்சொல்லிலும் அடங்கிவிட்டன.

நோய் பரவிற்று. 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர் அரசினரால் அழைக்கப்பட்டு வந்து ஈராண்டு இங்கே ஆராய்ந்தார். வித்திகள் இலையின்மேலுள்ள நீரிலே முளைத்து இலைவாய்களினூடாக உட்புகுவதை அவர் நுணுக்குக்காட்டியிலே பின்தொடர்ந்து கண்டார். கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றோடு வந்து படியும் வித்திகளையும் பிடித்துக் காட்டினார். இடைவெளியின்றி ஒரே பயிரை மலையெல்லாம் நட்டமையே நோய்க்கு வழிவிட்டது என்பதும் அவர் கருத்து. ஆயினும் காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அத்தோட்டங்களை நம்பித் தென்னிந்தியாவிலிருந்து வந்திருந்த ஏழைத் தொழிலாளர் வாழ்வும் அதனோடு குலைந்தது.

ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிய அந்த வித்தியின் நீளம் ஏறத்தாழ 30 மைக்கிரோன். அஃதாவது ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் மூன்று பங்கு. 100 மடங்கு பெருக்கத்திலே அதன் உருவம் தெரியும். 400 மடங்கிலே அதன் முட்களும் தெரியும். 1200 இதற்குத் தேவையில்லை. தெளிந்த வில்லையும் கூர்ந்த கண்ணும் பொறுமையுமே தேவை.

எதனைப் பார்க்கப் போகிறோம்?

கருவி வாங்குவோர் தம்மைத்தாமே முதலிற் கேட்கவேண்டிய வினா இது. பூவின் மகரந்தப்பை, எறும்பின் கொடுக்கு, நாணயம், கடற்கரை மணல் முதலியவற்றை முழுப் பொருளாகவே பார்க்க விரும்புவோருக்கு இருகண் கைக்கொள்ளும் முப்பரிமாண நுணுக்குக்காட்டி ஏற்றது. 10 முதல் 40 மடங்கு வரையிலான பெருக்கம் போதும். பொருளை வெட்டவோ கண்ணாடியில் ஒட்டவோ வேண்டியதில்லை. சிறுவர்க்கு இதுவே மிகுந்த இன்பம் தரும். நீர்த்துளியிலுள்ள உயிர்களையும், தாவரக் கலங்களையும், மகரந்தமணிகளையும் பார்க்க விரும்புவோருக்கு ஒளி கீழிருந்து ஊடுருவிச் செல்லும் கூட்டு நுணுக்குக்காட்டியே வேண்டும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. இரண்டும் செய்யும் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இரண்டையும் செவ்வையாகச் செய்வதில்லை.

இரண்டுக்கும் முன்னர், 10 மடங்குக் கைவில்லை ஒன்றை வாங்கிச் சிலகாலம் பழகுவது நன்று. ஏட்டுச்சுவடி ஆராய்வோருக்கு அதன் அருமை தெரியும். பழஞ்சுவடிகளிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் அரிது. ஆங்காங்கே புள்ளிபோல ஒன்று தென்படும்போது, அது எழுத்தாணி இட்டதா, பூச்சி துளைத்ததா என்ற ஐயம் எழும். கைவில்லையிலே பார்த்தால், எழுத்தாணி கீறிய இடத்தின் ஓரம் சற்று மேலெழுந்து வரம்பு கட்டியிருக்கும். பூச்சி அரித்த துளை ஓலையை ஊடறுத்து அடுத்த ஏட்டிலும் தொடரும். ஒரு புள்ளியால் ஒரு சொல்லும், ஒரு சொல்லால் ஒரு செய்யுளின் பொருளும் மாறும் துறையிலே, பார்வையின் கூர்மை எத்துணை வேண்டப்படுவது என்பதைச் சொல்ல வேண்டுமோ?

கூட்டு நுணுக்குக்காட்டி கையிற் கிடைத்தபின் பொருளுக்குப் பஞ்சமில்லை. கோயிற் கேணியின் பச்சை நீரில் ஒரு துளி போதும். பாசிகளும் பரமீசியம் போன்ற ஒருகல உயிர்களும் அதனுள்ளே நிறைந்திருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்திலே பாசியியலை வளர்த்தெடுத்த எம். ஓ. பி. ஐயங்கார் (1886–1963), தென்னிந்தியாவின் குளங்களையும் குட்டைகளையும் ஈரமண்ணையும் ஆராய்ந்தே உலகறிந்த அறிஞரானார். 'பிரிச்சியெல்லா' என்னும் புதிய பாசியினத்தை 1932இல் அறிவித்தார். நம் பனங்கள்ளின் ஒரு துளியிலே மதுவம் அரும்பு விட்டுப் பெருகுவதைக் காணலாம். பனம்பாளையின் மகரந்தமும் வெங்காயத்தின் உட்டோலும் எந்நாளும் கிடைப்பன. கடற்கரை மணலிலே சிப்பித் துணுக்குகளோடு முருகைக்கற் துணுக்குகளும், பொராமினிபெரா என்னும் ஒருகல உயிர்களின் ஓடுகளும் கலந்திருக்கும். நம் குடாநாடு நிற்கும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லிலும் அத்தகைய ஓடுகள் உள. நாம் குடியிருக்கும் மண்ணின் வரலாறே ஒரு சிட்டிகை மணலில் அடங்கியிருக்கின்றது என்று கூறலாம்.

வாங்குமுன் நோக்கத்தக்கவை

முதலாவது, பொருளிவில்லைகள். 4, 10, 40 என்னும் மூன்றும் 10 மடங்குப் பார்வைத்துண்டோடு சேர்ந்து 40, 100, 400 என்ற பெருக்கங்களைத் தரும். பொழுதுபோக்காளருக்கு இவை பல்லாண்டு போதும். எண்ணெய் இட்டுப் பார்க்கும் 100 மடங்கு வில்லையைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். அப்படிப் பின்னர் வாங்குவதற்கு வசதியாக, வில்லையின் திருகுபுரி பொது அளவினதாக இருத்தல் வேண்டும். இலண்டன் நுணுக்குக்காட்டிக் கழகத்தார் 1858இல் வகுத்த திருகுபுரி அளவு இன்றும் வழக்கில் உள்ளது. அவ்வளவுக்கு அமைந்த கருவியின் வில்லை பழுதானால் வேறொன்றை மாட்டலாம். விளையாட்டுக் கருவியின் வில்லை பழுதானால் கருவியே போயிற்று.

இரண்டாவது, ஒளி. மேடையின் கீழே ஒளியைக் குவிக்கும் ஒடுக்கியும், அதனைக் கூட்டிக் குறைக்கும் பிரிமென்றகடும் இருத்தல் வேண்டும். நிறமற்ற நுண்ணுயிர்கள் மிகுந்த ஒளியில் மறைந்துபோகும். பிரிமென்றகட்டைச் சற்று ஒடுக்கியவுடன் அவற்றின் எல்லைக்கோடு தெளிவாகும். தொடக்கத்திற் பலர் வில்லையைக் குறைகூறும் இடத்திலே உண்மையான குறை ஒளியில்தான் இருக்கும். மின்விளக்குடைய கருவி வசதியானது. ஆடியும் சேர்ந்திருந்தால் இன்னும் நன்று. 1990இலிருந்து சில ஆண்டுகள் குடாநாடு மின்சாரமின்றி இருந்ததையும், பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆடி பொருத்திய நுணுக்குக்காட்டிக்கு வேண்டியது பகல்வெளிச்சம் ஒன்றே. ஆனால் ஆடியை ஒருபோதும் நேர்ச் சூரியனை நோக்கித் திருப்பலாகாது. அது கண்ணைக் கெடுக்கும். வெண்முகிலோ வெள்ளைச் சுவரோ தரும் ஒளியே ஏற்றது.

மூன்றாவது, நிலைபேறு. உடல் உலோகத்தாலானதாய்ப் பாரமாயிருத்தல் வேண்டும். 400 மடங்கு பெருக்கத்திலே மேசையின் சிறு நடுக்கமும் 400 மடங்காகும் அன்றோ? பெருந்திருகோடு நுண்திருகும் தனியே இருத்தல் இன்றியமையாதது. நுண்திருகு இல்லாத கருவியிலே 40 மடங்கு வில்லையைக் குவியப்படுத்த முயல்வது, கடப்பாரையால் எழுத்து வெட்ட முயல்வது போன்றது.

கடையிலோ, பழைய கருவி விற்பவரிடத்திலோ நின்று சில சோதனைகள் செய்யலாம். செய்தித்தாளில் அச்சிட்ட 'ப' என்ற எழுத்தைக் குறைந்த பெருக்கத்திலே பாருங்கள். கூட்டு நுணுக்குக்காட்டி உருவைத் தலைகீழாக்குவதால், மேலே திறந்திருக்கும் எழுத்து கீழே திறந்ததாய்த் தோன்றும், அது குறையன்று. அச்சுமையின் ஓரம் நடுவிலும் விளிம்பிலும் எப்படித் தெரிகின்றது, வானவில் நிறங்கள் மிகுதியாகச் சூழ்கின்றனவா என்பதையே நோக்குக. பின்னர் வில்லையைச் சுழற்றி அடுத்த வில்லைக்கு மாற்றுக. பொருள் நடுவிலேயே நிற்கவேண்டும். நுண்திருகைச் சிறிது திருப்பிய அளவிலே தெளிவு வரவேண்டும். இறுதியாக, கருவியை ஐந்து நிமிடம் தொடாமல் விட்டுத் திரும்பப் பாருங்கள். மேடை தன் பாரத்தாலே மெல்ல இறங்கித் தெளிவு கெட்டிருந்தால், அக்கருவியை விட்டுவிடுவதே நலம்.

நம் காலநிலையையும் எண்ண வேண்டும். மலேரியாக் கிருமி நுளம்பின் வயிற்றினுள் வளர்வதை ரொனால்ட் றொஸ் 1897 ஓகஸ்ட் 20ஆம் நாள் சிக்கந்தராபாத்திலே கண்டார். அவ்வேளை தம் வியர்வையாற் கருவியின் திருகாணிகள் துருவேறியிருந்தன என்றும், எஞ்சிய ஒரே பார்வைத்துண்டும் வெடித்திருந்தது என்றும் அவரே எழுதியுள்ளார். நமக்கோ வெப்பத்தோடு உப்புக்காற்றும், ஐப்பசி கார்த்திகை மாரியின் ஈரமும் உண்டு. மூடிய மரப்பெட்டியில் மாதக்கணக்காக வைத்தால் வில்லையிற் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப்புகாத பெட்டியிலே ஈரமுறிஞ்சும் சிலிக்காக் குருணையோடு வைப்பதே நல்ல காப்பு. அதனினும் நல்ல காப்பு, அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவது. பாடசாலை அலுமாரியிற் பூட்டிவைத்த கருவி பாதுகாக்கப்படுகிறது என்று எண்ணுகிறோம். உண்மையில் அஃது அங்கே கெட்டுக்கொண்டிருக்கின்றது.

படம் பிடித்தல்

கண்டதைப் பிறருக்குக் காட்ட விரும்புவது மனித இயல்பு. இக்காலத்திலே கைத்தொலைபேசிக் கமராவே அதற்குப் போதிய தொடக்கம். பார்வைத்துண்டின் மேலே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து மெல்ல உயர்த்துங்கள். வெளிவரும் ஒளி ஓரிடத்திலே மிகச் சிறிய வட்டமாகத் தோன்றும். தொலைபேசியின் வில்லை நிற்கவேண்டிய இடம் அதுவே. கை நடுங்குமாகையால் தொலைபேசியைப் பற்றிப்பிடிக்கும் தாங்கியொன்று மலிவாகக் கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம். விரலால் அழுத்தும்போது அசைவு உண்டாகுமாகையால், இரண்டு விநாடி தாழ்த்திப் படமெடுக்கும் ஒழுங்கைப் பயன்படுத்துக. படம் பிடிப்பதே பெருநோக்கமாயின், மூன்றாவது குழாயுடைய தலையைத் தேர்ந்தெடுக்கலாம். கண்கள் இரண்டு குழாய்களிலே பார்த்துக்கொண்டிருக்க, கமரா மூன்றாவதில் நிலையாக அமர்ந்திருக்கும். பணம் அளவாயிருப்பின், கமராவுக்குச் செலவிடுவதை முதலில் வில்லைக்குச் செலவிடுவதே அறிவுடைமை. வில்லை காட்டாததைக் கமரா எழுதாது.

அளவு குறிக்காத நுண்படம் முகவரியில்லாத கடிதம் போன்றது. பார்வைத்துண்டிலே 18 என்று பொறித்திருந்தால், அதனைப் பொருளிவில்லையின் பெருக்கத்தால் வகுக்க, பார்வைப் புலத்தின் அகலம் மில்லிமீற்றரிற் கிடைக்கும்: 4 மடங்கு வில்லையில் 4.5, 10 மடங்கில் 1.8, 40 மடங்கில் 0.45. ஒளி ஊடுருவும் அடிமட்டத்தை மேடையில் வைத்து முதல் அளவைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஓர் உயிர் புலத்தின் மூன்றிலொரு பங்கை அடைத்தால் அதன் நீளமும் உடனே தெரிந்துவிடும்.

படத்துக்கு முன்னர் வரையவேண்டும் என்பது என் துணிபு. லீவன்ஹூக் தமக்குச் சித்திரம் வராதென்று சித்திரகாரரை அமர்த்தி வரைவித்தார். வரைபவன் ஒவ்வொரு கோட்டையும் 'இஃது உண்மையில் உண்டா?' என்று தன்னை வினவிக்கொண்டே வரைகிறான். கமரா அவ்வினாவைக் கேட்பதில்லை. காற்றுக்குமிழியின் கரிய வட்டத்தை உயிரென்றும், பஞ்சு நூலைப் புழுவென்றும் மயங்கிப் படமெடுப்போர் பலர். கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழிக்கு நுணுக்குக்காட்டியைப் போன்ற ஆசிரியர் வேறில்லை.

தாய்மொழியிற் காண்போம்

தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்ற வினாவுக்கு இப்பொழுது வருகிறேன். லீவன்ஹூக் இலத்தீன் அறியாதவர். இலத்தீன் அறியாதவர் அறிஞராகார் என்று கருதிய காலம் அது. அவரோ ஐம்பது ஆண்டுகளாகத் தாம் கண்டவற்றையெல்லாம் புடைவைக் கடையிற் பேசிய ஒல்லாந்த மொழியிலேயே எழுதினார். கழகத்தார் அதனை மொழிபெயர்த்து ஏற்றுக்கொண்டனர். கண்டது மெய்யாயிருந்தமையால் மொழி தடையாகவில்லை.

நம் மண்ணிலும் அத்தகைய முயற்சி நிகழ்ந்தது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) மானிப்பாயிலே 1860களில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவருடைய மாணவரும் சேர்ந்து தமிழாக்கிய நூல்களுள் 'இரணவைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. வழக்கிலிருந்த சொல்லை முதலில் தேடி, அஃது இல்லாதபோதே புதிதாக ஆக்கி, அதுவும் இயலாதபோது பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதிய பணி அது. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் அப்பணியைத் தொடர்ந்தன. நுணுக்குக்காட்டி, வில்லை, பார்வைத்துண்டு, பிரிவலு என்று நம் பிள்ளைகள் தடையின்றிக் கூறுவது அவ்வுழைப்பின் பயன். தமிழ்நாட்டார் நுண்ணோக்கி என்பர். அதுவும் நல்ல சொல்லே. ஆனால் சொல் மட்டும் வாயிலிருந்து, பொருள் கண்ணுக்குப் புலப்படாதிருந்தால், அச்சொல் உயிரற்ற சொல். 'கலம்' என்று நூறு முறை எழுதிய மாணவன் ஒருமுறையேனும் கலத்தைக் காணவேண்டும். பொருளைக் காட்டாமற் சொல்லை மட்டும் கற்பிக்கும் கல்வி மொழிக்கும் தீங்கு, அறிவுக்கும் தீங்கு.

விலை பெரிதென்று தயங்குவோர் உண்டு. 2022இல் நம் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபின் இறக்குமதிக் கருவிகள் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதனவாயின என்பது மெய். அத்தகையோருக்கும் வழியுண்டு. இந்தியாவிலே பிறந்து அமெரிக்க ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றும் மனு பிரகாஷ் என்னும் அறிஞர், தம் மாணவரோடு சேர்ந்து, தாளை மடித்துச் செய்யும் நுணுக்குக்காட்டியொன்றை 2014இல் அறிவித்தார். சிறு மணிவில்லை ஒன்றைத் தாளிற் பதித்தது அது. பெருக்கம் 140 மடங்கு; இரண்டு மைக்கிரோன் அளவிலுள்ள நுட்பத்தைப் பிரித்துக் காட்டும். லீவன்ஹூக்கின் ஒற்றை வில்லையே மூன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் ஏழைப் பிள்ளையின் சட்டைப்பைக்குள் வந்தது என்று கொள்ளலாம். 1200 என்று முழங்கும் பிளாஸ்ரிக் பெட்டியைக் காட்டிலும், 140 என்று அடங்கிக் கூறும் அத்தாட்கருவி கோப்பி வித்தியைத் தெளிவாகக் காட்டும்.

ஊரிலே நாலு குடும்பங்கள் சேர்ந்தோ, வாசிகசாலையின் பெயராலோ, பழைய மாணவர் சங்கத்தின் உதவியாலோ நல்ல கருவி ஒன்றை வாங்கலாம். வாரத்தில் ஒருநாள், கேணிநீர் ஒரு குவளையும் வரைதாளும் வைத்துக்கொண்டு பிள்ளைகளை அமர்த்தலாம். முன்னர்ச் சொன்ன மாணவனுக்கு உயிரியல் ஆசிரியர் ஒருவர் தம் பழைய ஆடிக் கருவியிலே வெங்காயத் தோலைக் காட்டினார். செங்கல் அடுக்கியதுபோலக் கலங்கள் நிரைநிரையாகத் தெரிந்தன. 'இது எனக்கும் தெரியுது, சேர்' என்றான் அவன். பெருக்கம் 100 மடங்குதான்.